சமரசத்துக்கு வைத்த சுக்குக்காப்பி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் அந்தக் காட்டுச் சிங்கம் வேறெந்தக் காட்டுத் தகராறையோ தீர்த்துவைக்க விமானம் ஏறிப் போய் மாதக்கணக்காகிறது. எனவே முள்ளெலிகளிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

முள்ளெலிகள் இரண்டு இடங்களில் குடியிருந்தன. ஒரு கூட்டம் மேட்டில். இன்னொரு கூட்டம் கடலை ஒட்டிய மணல்திட்டில். நடுவில் காட்டெருமைகள். காட்டெருமைகளைக் கேட்டால் ஆதியிலிருந்தே நாங்கள் நடுவில்தான் இருக்கிறோம் என்று சொல்லும். முள்ளெலிகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். இரண்டையும் உட்கார்ந்து கேட்டால் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும். இப்போதைக்கு இவ்வளவு போதும்: மேட்டைச் சுற்றியும் வேலி, மணல்திட்டைச் சுற்றியும் வேலி. வேலி காட்டெருமைகளுடையது. ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் அது கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். வேலிக்கு என்ன, கால் முளைத்திருக்கிறதா என்று யாராவது கேட்டால், "வேலி அங்கேயேதான் இருக்கிறது, நிலம்தான் நகர்ந்திருக்கிறது" என்று காட்டெருமைகள் அசைபோட்டுக்கொண்டே சொல்லும்.

இப்படி ஒரு நிலைமை வந்தால் எந்த ஜீவனும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் என்றுதானே நினைப்பீர்கள்? முள்ளெலிகள் அப்படி நினைக்கவில்லை.

மேட்டுக்காரர்கள் படிமுள் கட்சி. முள்ளை எப்போதும் படியவைத்துக்கொண்டு நடந்தால் எருமைகள் ஒருநாள் மனம் இரங்கும் என்பது அவர்கள் கொள்கை. அதன் தலைவர் சாந்தலிங்கம். எண்ணெய் தடவி, நடுவகிடு எடுத்து, முள்ளை அப்படிப் படிய வாரியிருப்பார், தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெருச்சாளி என்றே தோன்றும். மணல்திட்டுக்காரர்கள் நிமிர்முள் கட்சி. தூங்கும்போதும் முள்ளைத் தாழ்த்தக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதன் தலைவர் வீரபாகு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரும் இரண்டாவது தடவை உட்கார்ந்ததில்லை.

படியவைத்தவர்களையும் எருமைகள் மிதித்தன. நிமிர்த்தியவர்களையும் மிதித்தன, இன்னும் பலமாக, பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தவர்களையும் சேர்த்து. ஆனாலும் யார் கொள்கை சரி என்ற சண்டை மட்டும் ஓய்ந்தபாடில்லை.

மேட்டையும் மணல்திட்டையும் இணைக்க, எருமைகளின் காலடிக்குக் கீழே, பூமிக்குள் ஒரு பொந்துவழி இருந்தது. மேட்டு முனையில் ஒரு கதவு, அதன் சாவி சாந்தலிங்கத்தின் இடுப்பில். மணல் முனையில் ஒரு கதவு, அதன் சாவி வீரபாகுவின் கழுத்தில். கட்சிகள் முறைத்துக்கொண்ட நாளிலிருந்து இரண்டு கதவும் பூட்டியே கிடந்தன. முதலில் அவர் திறக்கட்டும் என்று இவர். முதலில் இவர் திறக்கட்டும் என்று அவர்.

மேட்டில் வெயிலாச்சி என்று ஒரு முள்ளெலி இருந்தாள். தன் ஒரே மகள் பூரணியை, சண்டை தொடங்குவதற்கு முன்பே மணல்திட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். நல்ல இடம், கடல் காற்று, மாமியார் இல்லாத வீடு. அப்போது யாருக்குத் தெரியும்? பூரணியின் முதல் பிரசவத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. குட்டிகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. செய்தி போனில்தான் வந்தது. அதைக் கேட்ட அன்றே வெயிலாச்சி ஒரு துணியை விரித்து, பிரசவ லேகியம், வசம்பு, பழைய பருத்திச் சேலைக் கிழிசல் எல்லாம் வைத்து மூட்டை கட்டிவிட்டாள். அடுத்த முறை நான் போய் நிற்காவிட்டால் நான் அவளைப் பெற்றவளே இல்லை என்று சொல்லிக்கொண்டாள்.

இப்போது அந்த அடுத்த முறை வந்துவிட்டது. பூரணிக்கு நிறைமாதம்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலாச்சி சாந்தலிங்கத்தின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் கண்ணாடி பார்த்து முள் வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பொந்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்க. மகளுக்கு இது மாசம்."

"மைனி, நீங்க கேக்கணுமா? கொள்கை ரீதியா நான் கதவைத் திறந்தே வச்சிருக்கேன்."

"சரி. பூட்டு ரீதியா எப்ப திறப்பீங்க?"

சாந்தலிங்கம் சீப்பைக் கீழே வைத்தார். "நான் இந்தப் பக்கம் திறந்து, அந்த மனுசன் அந்தப் பக்கம் திறக்கலைன்னா, நாலு பேர் என்னை என்ன சொல்லுவாங்க?"

"திறக்காததுக்கு இப்ப என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?"

"அதெல்லாம் சமரச மாநாட்டில் பேசிக்கலாம், மைனி. நீங்கதானே அங்கே சமையல்? அப்புறம் என்ன கவலை?"

அது உண்மைதான். வெயிலாச்சிதான் மாநாட்டுச் சமையல்காரி. அந்த வேலை அவளுக்கு வந்த விதமே தனி. அண்டைக் காட்டுப் பெரிய மிருகங்கள் முள்ளெலிகளைச் சேர்த்துவைக்க மாறி மாறி மாநாடு கூட்டும். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் சமைத்ததைச் சாப்பிட இரண்டு கட்சிக்கும் பயம். வெயிலாச்சியின் வீடு மேட்டில் இருப்பதால் எங்களுக்கு விஷம் வைக்கமாட்டாள் என்றது படிமுள் கட்சி. அவள் மகள் மணல்திட்டில் இருப்பதால் எங்களுக்கு வைக்கமாட்டாள் என்றது நிமிர்முள் கட்சி. இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அவளுடைய ஈசல் வறுவல்தான்.

மாநாட்டுக்குத் தலைவர்களையும் சமையல்காரியையும் மற்றவர்களையும் கொக்குகள் தூக்கிக்கொண்டு வரும். மேட்டிலிருந்து வந்தவர் மேட்டுக்கே திரும்ப வேண்டும், மணலிலிருந்து வந்தவர் மணலுக்கே. அது மாநாட்டு விதி. ஒருமுறை வெயிலாச்சி வீரபாகுவிடமே கேட்டுப் பார்த்தாள்: "தம்பி, போகும்போது உங்க கொக்கில் என்னையும் ஒரு ஓரமாத் தூக்கிட்டுப் போயிடேன்."

"விதி இருக்கே அக்கா. அதோட இடமும் இல்லை. எங்க துணைத்தலைவர் வீட்டம்மா இங்கேருந்து ஒரு சோபா வாங்கியிருக்காங்க."

மகளைப் பார்க்க அம்மாவுக்கு இடமில்லை, சோபாவுக்கு இருந்தது. வெயிலாச்சி அதை மறக்கவில்லை.

முள்ளெலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சண்டை தீர்க்கக் கூடும் இடத்தில் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் சுக்குக்காப்பி வைப்பார்கள். யாரும் உடனே குடிக்கக் கூடாது. எதிராளி கேட்டதைக் கொடுக்க மனதார ஒப்புக்கொண்டால்தான் எடுத்துக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. மாறினால் முள்ளெல்லாம் கொட்டிவிடும். இது சின்னக் குட்டிக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டாலும் சரி, கட்டிப்பிடித்தாலும் சரி, காப்பி குடிக்காதவரை எதுவும் செல்லாது.

மத்தியஸ்தம் செய்ய வந்தவர்களுக்குத்தான் இது தெரியாது.

முதல் மாநாட்டைக் கூட்டியவர் ஆற்றங்கரை முதலையார். தலைவர்கள் சிரித்தார்கள், உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள், காக்கை நிருபர்களுக்காகக் கைகோத்து நின்றார்கள். எல்லாரும் போன பிறகு வெயிலாச்சி மேசையைத் துடைக்க வந்தாள். இரண்டு சிரட்டையிலும் காப்பி வைத்தது வைத்தபடி, ஏடு கட்டிப்போய் இருந்தது. முதலையார் அதைப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குச் சுக்கு பிடிக்காது போலிருக்கிறது" என்றார்.

அடுத்து பாலைவனத்து ராஜாளியார். பணம் காற்றில் பறக்கும் இடம் அது. குளிரூட்டிய கூடாரம், குங்குமப்பூக் காப்பி, தங்கக் கோப்பை. ஒப்பம் ஆயிற்று, படம் ஆயிற்று, காப்பி அப்படியே. ராஜாளியார் யோசித்துவிட்டு, அடுத்த முறை கோப்பையை இன்னும் பெரிதாகச் செய்யச் சொன்னார். தூரதேசத்துப் பாண்டாகூட ஒருமுறை கூப்பிட்டு மூங்கில் தேநீர் வைத்துப் பார்த்தது. அதுவும் ஆறிப்போயிற்று.

ஒவ்வொரு மாநாட்டிலிருந்தும் தலைவர்கள் ஒரு சுற்று பெருத்துத் திரும்பினார்கள். வேலி ஒரு சுற்று சிறுத்தது. வெயிலாச்சி ஆறின காப்பியைக் கொட்டிக் கொட்டி, ஆற்றங்கரையில் அவள் கொட்டிய இடத்தில் புல்லே முளைக்காமல் போயிற்று.

இந்தத் தடவை மறுபடியும் முதலையாரின் முறை. மாநாட்டன்று காலையில் வெயிலாச்சியின் போனில் மகளின் குரல்பதிவு ஒன்று வந்திருந்தது. பின்னால் ஏதோ இடிகிற சத்தம்.

"அம்மா, இடுப்பு வலி விட்டு விட்டு வருது. நீ பயப்படாதே. எனக்குப் பயமா இருக்கு."

வெயிலாச்சி அதை ஒருமுறைதான் கேட்டாள். போனை மடியில் செருகிக்கொண்டு, சமையல் கொட்டகையில் ஈசலைப் புடைத்துக்கொண்டே யோசித்தாள். பேசிப் பார்த்தாயிற்று. கெஞ்சிப் பார்த்தாயிற்று. சோபாவிடம் தோற்றாயிற்று. இனி என்ன இருக்கிறது அவளிடம்? அடுப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது.

மிளகாய்ப் பொடியை ஒரு கை அள்ளிப் போட்டாள். உப்பை எவ்வளவு போட வேண்டுமோ அவ்வளவு போட்டாள். பிறகு அதே அளவு இன்னொரு தடவை போட்டாள். மேலே கருவாட்டைப் பொடித்துத் தூவினாள். நாக்கில் ஒரு ஈசலை வைத்துப் பார்த்ததும் அவள் முள்ளே சிலிர்த்தது. பரவாயில்லை, பார்க்க அழகாக இருந்தது.

மிச்சம் இருந்தது தண்ணீர். மேசை முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. வெயிலாச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதலையாரிடம் போனாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கள் அம்மா. இது உங்கள் வீடு."

"பாட்டில் எல்லாத்துலயும் ராஜாளி ஐயா படம் போட்டிருக்கு. அவங்க கம்பெனித் தண்ணி போல. நாளைக்குப் படம் வந்தா, பாக்கிறவங்க மாநாடு அங்கே நடந்ததுன்னு நினைச்சுக்கிட்டா?"

முதலையாரின் வாய் மெல்லத் திறந்து, மெல்ல மூடியது. அடுத்த நிமிடம் மேசையில் ஒரு பாட்டில்கூட இல்லை. "தண்ணீருக்கு என்ன பஞ்சம்? ஆறே நம்முடையதாயிற்றே!" என்று கையை வீசிக் காட்டினார். ஆறு பெரிய ஆறுதான். அதில் முதலையாரின் சித்தப்பா பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு விருந்தாளிகளை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க அங்கே இறங்கும் முள்ளெலி இன்னும் பிறக்கவில்லை.

மாநாடு தொடங்கியது. வெயிலாச்சி இரண்டு சிரட்டையில் சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். தலைவர்கள் வழக்கம்போல அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பிறகு ஈசல் வறுவல் வந்தது. அதை இருவரும் நன்றாகவே பார்த்தார்கள்.

முதலையார் எழுந்து பேசினார். "சகோதரர்களே! இந்த ஆற்றின் நீர் இரு கரைகளையும் தொட்டுச் செல்கிறது..." அவர் பேச்சில் எப்போதும் நிறைய நீர் இருக்கும். நீர், ஊற்று, அருவி, குளிர்ந்த ஓடை. சாந்தலிங்கம் நாலாவது பிடி ஈசலை விழுங்கியவர் நெளிந்தார். வீரபாகுவின் மூக்கு நுனி சிவந்தது.

"மைனி," என்று சாந்தலிங்கம் கிசுகிசுத்தார், "கொஞ்சம் தண்ணி..."

"ஆத்துல இருக்கு அண்ணாச்சி. போய்க் குடிச்சிட்டு வாங்க."

சாந்தலிங்கம் ஆற்றைப் பார்த்தார். ஆற்றிலிருந்து ஒரு ஜோடிக் கண் அவரைப் பார்த்துச் சிமிட்டியது.

"அக்கா, இது என்ன, கடலையே வறுத்துட்டீங்களா?" என்றார் வீரபாகு. அவர் குரல் தேய்ந்திருந்தது.

"உனக்குக் கடல் காத்து பழக்கம்தானே தம்பி? சாப்பிடு, சாப்பிடு. பேசத் தெம்பு வேணாமா?"

முதலையார் அருவியிலிருந்து ஏரிக்கு வந்திருந்தார். இன்னும் மழை பாக்கி இருந்தது. சாந்தலிங்கத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீரபாகுவின் கண்ணில் நீர் கட்டியது. காக்கை நிருபர் அதை உணர்ச்சிப்பெருக்கு என்று குறித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் முன்னால், எட்டும் தூரத்தில், ஆவி அடங்கி, குடிக்கிற பதத்துக்கு ஆறி, சுக்குக்காப்பி இருந்தது. சாந்தலிங்கம் வீரபாகுவைப் பார்த்தார். வீரபாகு சாந்தலிங்கத்தைப் பார்த்தார். நீ குடித்தால் எனக்கென்ன என்று இவர் கண் சொன்னது. எனக்கும் அதேதான் என்றது அவர் கண்.

இருவரும் ஒரே நேரத்தில் சிரட்டையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார்கள்.

காக்கை படம் எடுத்துவிட்டது.

கூடியிருந்த முள்ளெலிகள் எல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தன. எத்தனையோ மாநாடு பார்த்தவர்கள் அவர்கள். சத்தியம் பார்த்தார்கள், கண்ணீர் பார்த்தார்கள், கட்டிப்பிடித்ததில் ரத்தக் காயம்கூடப் பார்த்தார்கள். காலிச் சிரட்டையை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

"அப்போ கதவு திறந்தாச்சு," என்றாள் வெயிலாச்சி, மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு. "கொக்கு எங்கே நிக்குது? நான் மேட்டு முனைக்குப் போகணும்."

சாந்தலிங்கத்தின் கை தானாகத் தலைக்குப் போய் முள்ளைத் தடவிப் பார்த்தது. வீரபாகு உதறிப் பார்த்தார். ஒன்றும் கொட்டவில்லை. இன்னும் கொட்டவில்லை என்பதுதான் பயமே. கதவைத் திறந்தால் கட்சி போய்விடும். திறக்காவிட்டால் முள் போய்விடும். முள் இல்லாத முள்ளெலியை யார் தலைவர் என்பார்கள்? எலி என்பார்கள்.

அன்றுதான், சண்டை தொடங்கிய காலத்திலிருந்து முதல் தடவையாக, இரண்டு தலைவர்களும் தனியாக ஒரு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மத்தியஸ்தர் வேண்டாம் என்றார்கள். உள்ளேயிருந்து சண்டைச் சத்தமே வரவில்லை. இடையில் ஒருமுறை சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. முதலையார் வெளியே நின்று ஆனந்தக் கண்ணீர் விட்டார். அவர் விடுவதால் யாரும் நம்பவில்லை.

வெளியே வந்தபோது அவர்கள் கையில் ஒரு கூட்டறிக்கை இருந்தது. சாந்தலிங்கம் ஒரு வரி வாசிக்க, வீரபாகு அடுத்த வரி வாசித்தார்.

தாகத்துக்குக் குடித்தது காப்பி ஆகாது, அது தண்ணீர் என்றே கொள்ளப்படும். எனினும் உப்பைக் கூட்டிப் போட்டு, ஒரு பேரினத்தின் தலைமையை அதன் விருப்பத்துக்கு மாறாக ஒன்றுபடுத்த முயன்றது மன்னிக்க முடியாத சதி. வெயிலாச்சி என்பவள் காட்டெருமைகளின் கைக்கூலி. இதை இரு கட்சிகளும் ஒருமனதாகக் கண்டிக்கின்றன.

"ஒருமனதாக!" என்று முதலையார் கத்தினார். "ஒருமனதாக என்று சொன்னார்கள்! எழுதிக்கொள்ளுங்கள்!" காக்கைகள் எழுதிக்கொண்டன. ராஜாளியார் உடனே வாழ்த்துச் செய்தி அனுப்பி, இதற்கெல்லாம் அடித்தளம் தன் கூடாரத்தில் போடப்பட்டது என்று நினைவூட்டினார்.

காட்டெருமைகளிடம் கருத்துக் கேட்டார்கள். இத்தனை நாளும், "நாங்கள் பேசத் தயார். அவர்கள் இரண்டாக இருக்கிறார்களே, யாரோடு பேசுவது?" என்று சொல்லிவந்த மூத்த எருமை, புல்லை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றியது. "ஒன்றாகிவிட்டார்களா? அப்படியானால் பேசவே முடியாது. அதில் நிமிர்முள்காரர்களும் இருக்கிறார்களே," என்றது. அன்றைக்கே வேலி இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. கொண்டாட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

விசாரணை நடந்தது. வெயிலாச்சியின் மூட்டையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார்கள். வசம்பு சந்தேகத்துக்கு இடமளித்தது. லேகியத்தை இரண்டு கட்சி நிபுணர்களும் மோந்து பார்த்து, தீவிரவாதத் தன்மை உடையது என்றார்கள். சேலைக் கிழிசலில் வரைபடம் எதுவும் இல்லாததே பெரிய வரைபடம் இருந்ததற்கு அடையாளம் என்றார் நிமிர்முள் துணைத்தலைவர், சோபாக்காரர்.

"எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள்.

"என் மகளுக்கு வலி எடுத்திடுச்சு. உப்பு நான்தான் போட்டேன். எந்த ஜெயில்ல போடப்போறீங்களோ சீக்கிரம் போடுங்க, எனக்கு வேலை கிடக்கு."

அங்கேதான் சிக்கல் வந்தது. எந்த ஜெயில்? "சதி எங்கள் தலைவருக்கு எதிரானது, மேட்டுச் சிறையில்தான் போட வேண்டும்" என்றது படிமுள் கட்சி. "சிறை என்றால் அது மணல்திட்டுச் சிறைதான், உங்களுடையது விருந்தினர் விடுதி" என்றது நிமிர்முள் கட்சி. ஒற்றுமை உண்டாகி ஒரு பொழுதுகூட ஆகவில்லை, முள் மறுபடியும் சிலிர்க்க ஆரம்பித்தது. முதலையார் பதறிப்போனார். வரலாற்று வெற்றி கைநழுவிப் போய், நாளைக் காலைச் செய்தியில் ராஜாளியின் படம் வந்துவிடுமே! வாலால் தரையை அடித்து ஒரு யோசனை சொன்னார்.

"பாதித் தண்டனை அங்கே, பாதி இங்கே! இரு தரப்பும் சமம்! முதலில் மணல்திட்டில் ஒரு பருவம், பிறகு மேட்டில் ஒரு பருவம், மறுபடியும் மணல்திட்டு. இப்படி மாறி மாறி!"

இதைவிட நியாயமான தீர்ப்பு உண்டா? இரு கட்சியும் ஒப்பமிட்டன. கைதியைக் கொக்கில் மணல்திட்டுக்கு அனுப்ப விதி இடம் தரவில்லை. மேட்டிலிருந்து வந்தவள் மேட்டுக்கே திரும்ப வேண்டும். எனவே பொந்துவழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஆயிற்று. கைதி வழியில் தப்பிவிடாமல் இருக்க, இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்க வேண்டும் என்று பாதுகாப்பு நிபுணர்கள் சொன்னார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நிபுணர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கைதியைக் கொக்கில் மேட்டுக்குக் கொண்டுவந்து, பொந்து முனைக்கு நடத்திப் போனார்கள். சாந்தலிங்கத்தின் சாவி துருப்பிடித்திருந்தது. வெயிலாச்சியிடமே கொஞ்சம் எண்ணெய் வாங்கிப் போட்டுத் திறந்தார்கள். பொந்துக்குள் ஒரு பக்கம் படிமுள் காவலர், இன்னொரு பக்கம் நிமிர்முள் காவலர், நடுவில் வெயிலாச்சி. தலைக்கு மேலே எருமைகள் நடக்கிற அதிர்வில் மண் உதிர்ந்தது. காவலர்கள் இருவரும் குனிந்து அவள்மேல் மண் விழாமல் மறைத்தார்கள். கைதிக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்தக் கட்சி பதில் சொல்வது?

"வேகமா நடங்கப்பா," என்றாள் வெயிலாச்சி. "ரெண்டு பேரும் கல்யாண ஊர்வலம் மாதிரி நடக்கிறீங்க. ஒருத்தன் அந்த மூட்டையைப் பிடி."

"அது சாட்சிப் பொருள், அத்தை."

"சாட்சியைத்தான் பிடிக்கச் சொல்றேன்."

மணல் முனைக் கதவு திறந்திருந்தது. சிறைக்குப் போகிற வழியில் மகள் வீடு. இரண்டு காவலரும் தடுத்திருப்பார்கள். ஆனால் உள்ளேயிருந்து பூரணி போட்ட சத்தத்தில் படிமுள் காவலருக்கு முள் நிமிர்ந்துவிட்டது, நிமிர்முள் காவலருக்குப் படிந்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை.

"யாரது?" என்றாள் பூரணி.

"கைக்கூலி," என்றாள் வெயிலாச்சி. "அம்மாடி, காலை மடக்கு. மூச்சை விடு. நான் வந்துட்டேன்ல?"

பொழுது சாய்வதற்குள் குட்டிகள் பிறந்தன. எல்லாம் உயிரோடு. ஒரே சத்தம், ஒரே பசி. வெயிலாச்சி ஒன்றைத் துணியில் சுற்றி வாசலுக்கு எடுத்துவந்து காட்டினாள். காவலர்கள் எட்டிப் பார்த்தார்கள். குட்டியின் முதுகில் வெள்ளை முள், பூ மாதிரி மெத்தென்று, காற்றடித்த பக்கம் சாய்ந்தது.

"படிஞ்சிருக்கு. எங்க கட்சி," என்றார் ஒரு காவலர்.

"நல்லாப் பாரு, நிக்குது. எங்க கட்சி," என்றார் மற்றவர்.

"இதுக்கு இன்னும் கண்ணே திறக்கலை," என்றாள் வெயிலாச்சி. "திறந்து உங்களைப் பார்த்ததும் திரும்ப மூடிக்கும். போய் வெந்நீர் வையுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து போய் வெந்நீர் வைத்தார்கள். முறைப்படி பார்த்தால், அதுதான் அந்த உடன்படிக்கையில் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டு நடவடிக்கை.

அதற்குப் பிறகு வெயிலாச்சி ஒரு பருவம் மணல்திட்டுச் சிறையில் இருந்தாள். சிறை என்றால் மகள் வீட்டு வேலையெல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போய்த் தலையைக் காட்டுகிற இடம். அடுத்த பருவம் மேட்டுச் சிறை. அங்கேயும் அவள் வீடு பக்கத்தில்தான். ஒவ்வொரு பருவமும் கதவுகள் திறந்தன, காவலர்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள், ஒருவர் மூட்டையைத் தூக்கினார். பூட்டுக்கு எண்ணெய் போடுகிற வழக்கமும் வந்துவிட்டது. தலைவர்கள் இருவரும் தினமும் காலையில் முள்ளைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் கொட்டவில்லை.

"எப்படிக் கொட்டும்?" என்று வெயிலாச்சி கேட்டாள். "குடிச்ச காப்பி குடிச்சதுதான். கதவைத் திறந்தாங்களா, இல்லையா?"

இந்த விஷயம் மெல்ல மெல்ல வெளியே பரவியது. முதலில் மேட்டில் ஒரு மணப்பெண் தன் மாப்பிள்ளை மணல்திட்டில் இருப்பதால், சாந்தலிங்கத்தின் கொடிக்கம்பத்தில் ஈரத்துணி காயப்போட்டாள். அவளைப் பாதித் தண்டனைக்கு அனுப்பினார்கள். மணல்திட்டில் ஒரு கிழவர், மேட்டிலிருக்கும் தம்பியோடு பாதியில் விட்ட தாயம் ஆட்டத்தை முடிக்க, வீரபாகுவின் படத்துக்கு மீசை வரைந்தார். அவருக்கும் பாதி. பிறகு யாரும் வெட்கப்படவில்லை. பொந்துவழியின் இரண்டு முனையிலும் குற்றவாளிகள் விடியும்போதே வந்து வரிசையில் நின்றார்கள். கையில் பலகாரத் தூக்கு, இடுப்பில் குழந்தை. "நீங்க என்ன குற்றம்?" "நான் தேசத்துரோகம். நீங்க?" "அவதூறுதான், சின்னது. தங்கச்சி வீட்டில் காதுகுத்து."

ராஜாளியார் இந்த வெற்றியைக் கேள்விப்பட்டு, அடுத்த மாநாட்டுக்குத் தன் கூடாரத்தில் உப்பை மட்டும் தனியாக ஒரு தங்கக் குவளையில் வைத்தார். யாரும் தொடவில்லை. அடுத்த முறை குவளையை இன்னும் பெரிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

நீதி: சேராத இரண்டு பேரைச் சேர்த்துவைக்க அவர்களுக்குப் பொதுவாக ஒரு நண்பரைத் தேடி அலைய வேண்டாம். பொதுவாக ஒரு குற்றவாளி கிடைத்தால் போதும். அந்தக் குற்றவாளி நீங்களாக இருக்கும்பட்சத்தில், புறப்படும்போது பிரசவ லேகியத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.